துவிசக்கரம் சமைத்த உடன்பிறந்தார்



வில்பர் ரைட், ஆர்வில் ரைட் என்னும் உடன்பிறந்தார் இருவரும் வானவூர்தி கண்டவர் என்பதைச் சிறாரும் அறிவர். அவர்க்குச் சோறளித்தது துவிசக்கரக் கடையே என்பதைப் பலர் அறியார். கைத்தொழிலிற் புகும் இளைஞனுக்குப் பெண் கொடுக்க நம்மவருட் சிலர் தயங்குகின்ற இந்நாளில், அக்கடையைப் பற்றிச் சிறிது கூற விழைகின்றோம்.

அமெரிக்க நாட்டு ஒகையோ மாகாணத்து டேட்டன் நகரில், 1892ஆம் ஆண்டு அவர்கள் கடை தொடங்கினர். தந்தையார் பிஷப் பதவி வகித்தவர். மைந்தர் இருவரும் உயர்தரப் பள்ளிச் சான்றிதழ் பெற்றாரல்லர். (இதனை ஆசிரியராகிய யாமே கூறுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம்.) முதலிற் பிறர் செய்த வண்டிகளை விற்றும் பழுது பார்த்தும் வந்தனர். 1896இல் தாமே வண்டி செய்யத் தலைப்பட்டனர்.

அது பெரிய ஆலைகள் வண்டிகளைச் செய்து குவித்த காலம். முன்னர் நூறு டாலர் பெற்ற வண்டியின் விலை நாளுக்கு நாள் சரிந்தது. மலிவிற் போட்டியிட்டால் சிறு கடை நில்லாது. ஆதலின் இவர்கள், வேண்டுவோர் சொன்ன பின்னரே, அவர்க்கென்று ஒவ்வொன்றாகக் கையாற் செய்தனர். டயர், கைப்பிடி முதலியவற்றை வாங்குவோரே தெரிந்துகொள்ளலாம். சிறந்த வண்டிக்கு ‘வான் கிளீவ்’ என்று பெயரிட்டனர். 1796இல் டேட்டனில் முதன்முதற் குடியேறிய தம் முன்னோரின் குடிப்பெயர் அது. முன்னோர் பெயரைப் பொருளின்மீது பொறித்தவன் பழுதான சரக்கை விற்க நாணுவானன்றோ?

பழுது பார்த்த பழக்கம் அவர்க்குப் பெரிதும் உதவிற்று. எவ்வுறுப்பு முந்திக் கெடும் என்பது அவர் கண்கூடாக அறிந்தது. புழுதி புகாமலும் எண்ணெய் ஒழுகாமலும் சக்கரக் குடத்தை அமைத்தனர். இடக்கால் மிதிகட்டை, மிதிக்க மிதிக்கத் திருகு தளர்ந்து கழலும் இயல்பினது. அப்புறத்து மரையை மட்டும் இடஞ்சுழியாக வெட்டி, கழலாத மிதிகட்டையென்று 1900இல் விளம்பரம் செய்தனர். இன்றும் இடப்புற மிதிகட்டையின் மரை இடஞ்சுழியே. ஐயுறுவோர் வீடு சென்று தம் வண்டியைத் திருகிப் பார்க்கலாம்.

கோடையில் விற்பனை, அது குறைந்தபின் பறக்கும் ஆராய்ச்சி. 1901இல் கடையிலேயே காற்றுக்குழாய் அமைத்துச் சிறகுகளின் வடிவத்தைச் சோதித்தனர். கடையிற் பணிசெய்த சார்லி டெய்லர் என்னும் தொழிலாளர் எஞ்சினைச் செய்து தந்தார். அதன் விசையைச் சுழல்விசிறிகட்குக் கொண்டுசென்றவை துவிசக்கரத்திற் போன்ற சங்கிலியும் பற்சக்கரமுமே. 1903 டிசம்பர் 17ஆம் நாள் அவ்வூர்தி 12 விநாடி பறந்து 120 அடி சென்றது. அரசாங்கப் பொருள் ஒரு காசும் அதற்குச் செல்லவில்லை. செலவிட்டது கடையின் ஊதியமே.

அவர்கள் செய்த துவிசக்கரங்களுள் இன்று எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கன. ‘செயின்ட் கிளேர்’ என்னும் மலிவுவகை வண்டியொன்று வாஷிங்டன் நகரத்து ஸ்மித்சோனியன் காட்சிச்சாலையில், 1903ஆம் ஆண்டு பறந்த ஊர்தியைக் காத்துவரும் அதே நிலையத்தில், பேணப்பட்டு வருகின்றது.