சுட மறுத்தவர்கள்

(சத்தியவேட்டில் நடைபெற்ற அரசியல் வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஏப்ரல் மாதத்தில் இரு நாட்கள் உழைக்கும் மக்களின் நினைவில் நிற்க வேண்டியவை. ஒன்று, 1930 ஏப்ரல் 23, இடம் பெஷாவர். மற்றொன்று, 1974 ஏப்ரல் 25, இடம் லிஸ்பன். இரு நாட்களிலும் கொடுங்கோல் ஆட்சியின் படைக்குள்ளிருந்தே அதன் ஆணையை மறுக்கும் குரல் எழுந்தது. அக்குரலை எழுப்பியோருக்கு என்ன நேர்ந்தது, ஏன் நேர்ந்தது என்பதே இன்றைய பொருள்.

பெஷாவர் பாடம்

மக்கள் தம் வாக்கால் மாற்ற முடியாத ஆட்சி சர்வாதிகாரமே. பிரிட்டிஷ் ஆட்சி அத்தகையதே. உப்புச் சத்தியாகிரகம் நாடெங்கும் பரவிய 1930இல், வடமேற்கு எல்லை மாகாணத்தில் கான் அப்துல் கஃபார் கான் கைது செய்யப்பட்டார். பெஷாவரின் கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் மக்கள் ஆயுதமின்றித் திரண்டனர். கவச வண்டிகள் கூட்டத்திற்குள் செலுத்தப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் ஏராளமானோர் மாண்டனர்.

அந்நகரில் ராயல் கர்வால் ரைபிள்ஸ் படைப்பிரிவும் நிறுத்தப்பட்டிருந்தது. முஸ்லிம்களான பட்டாணியர் மீது இந்துக்களான கர்வாலிகளை ஏவினால் தயங்காமல் சுடுவர் என்பது ஆட்சியாளரின் கணக்கு. அக்கணக்கைப் பொய்யாக்கியவர் ஹவில்தார் சந்திர சிங் கர்வாலி. நிராயுதபாணிகளைச் சுடமாட்டோம் என்று அவரும் அவருடைய சகவீரர்களும் மறுத்தனர். முதல் உலகப் போரில் பிரான்சிலும் மெசபடோமியாவிலும் போரிட்டவர் அவர். அச்சத்தால் மறுத்தார் என்று எதிரியும் சொல்ல இயலாது. மலைநாட்டு ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகள், எதிரே நின்ற மக்களைத் தம்மவராகக் கண்டனர். அதன் பின் ஒரு வாரத்திற்கும் மேலாக பெஷாவர் நகரம் ஆட்சியாளரின் பிடியில் இல்லை.

ராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மற்றவர்களும் கடுஞ்சிறைக்கு அனுப்பப்பட்டனர். 1931 மார்ச் 5 அன்று காந்தி - இர்வின் ஒப்பந்தம் கையெழுத்தானது. சத்தியாகிரகிகள் விடுதலையாயினர். ஆனால் ஆணையை மீறிய படைவீரர்களுக்கும் காவலர்களுக்கும் மன்னிப்பு இல்லை என்று அவ்வொப்பந்தமே கூறியது. 1932இல் வெளியான பேட்டி ஒன்றில், சுட மறுத்த படைவீரன் தன் உறுதிமொழியை மீறியவனே என்று காந்தியடிகள் கருத்துரைத்தார். நாளை ஆட்சி தம் கைக்கு வந்தால் அதே வீரர்களைத் தாமும் பயன்படுத்த வேண்டியிருக்கும் என்பது அவர் கூறிய காரணம். அகிம்சையின் பெயரால் நடந்த இயக்கத்தின் தலைவரே, நிராயுதபாணிகளைச் சுட மறுத்தவரை ஏற்க இயலாத நிலை! இதில் வர்க்கப் பார்வை வெளிப்படுகிறது.

சந்திர சிங் 1941இல்தான் விடுதலையானார். பின்னர் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் இணைந்து, டெஹ்ரி மன்னராட்சிக்கு எதிரான போராட்டத்தில் பங்கேற்றார். 1979இல் மறைந்தார்.

1946 பிப்ரவரி 18 அன்று பம்பாயில் 'தல்வார்' பயிற்சித் தளத்தில் கடற்படை எழுச்சி வெடித்தது. கெட்டுப்போன உணவுக்கும் நிறவெறி வசைக்கும் எதிராகத் தொடங்கிய அது, 78 கப்பல்களுக்கும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளுக்கும் பரவியது. எழுச்சியில் ஈடுபட்டுப் பதவி நீக்கப்பட்டவர்களைச் சுதந்திர இந்தியாவின் கடற்படை திரும்ப அழைக்கவில்லை. அதே கடற்படைக்கு 1958 வரை தலைமை தாங்கியவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள்!

லிஸ்பன் காட்டிய வழி

இனி, போர்ச்சுகல். 1926 ராணுவச் சதியில் தொடங்கி 48 ஆண்டுகள் அங்கு சர்வாதிகாரம் நிலவியது. அதன் நடுநாயகமாக விளங்கியவர் சலாசார். 1961 டிசம்பரில் இந்தியப் படை கோவாவுக்குள் நுழைந்தபோது, கடைசி வீரன் சாகும்வரை போரிடுமாறு அவர் ஆணையிட்டார். கோவாவின் ஆளுநர் வசாலோ இ சில்வா அவ்வாணையை நிறைவேற்றவில்லை. வீண் படுகொலையைத் தவிர்த்து, டிசம்பர் 19 அன்று சரணடைந்தார். நாடு திரும்பியவருக்குக் கிடைத்தது படையிலிருந்து நீக்கம். சர்வாதிகாரம் வீழ்ந்த பின்னரே அவருடைய பதவி மீட்கப்பட்டது.

சர்வாதிகாரத்தை வீழ்த்தியவர்கள் இளம் கேப்டன்கள். அங்கோலா, கினி-பிசாவ், மொசாம்பிக் விடுதலைப் போராளிகளுக்கு எதிராக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போரிட அனுப்பப்பட்டனர். 1973இல் அவர்களுடைய இயக்கம் தொடங்கியது பதவி உயர்வு பற்றிய குறையில். ஆனால் வெல்ல முடியாத, நியாயமற்ற போர் அவர்களுக்கு அரசியல் கற்பித்தது. ஸ்ரீசிட்டி ஆலைகளில் ஊதியத்தையும் உணவையும் பற்றித் தொடங்கும் பேச்சை அற்பமென ஒதுக்கலாகாது என்பதற்கும் இது சான்று.

ஏப்ரல் 25 அதிகாலை, 'கிராந்தோலா' பாடல் வானொலியில் ஒலித்தது. அதுவே அடையாளக் குறி. கேப்டன் சல்கெய்ரோ மாயா தம் படையுடன் தலைநகருக்குள் நுழைந்தார். அவர் மீது பீரங்கி வண்டியால் சுடுமாறு ஆட்சிக்கு விசுவாசமான பிரிகேடியர் ஆணையிட்டார். வண்டிக்குள்ளிருந்த எளிய கார்ப்பொரல் ஒருவர் சுட மறுத்தார். வீட்டிலேயே இருக்குமாறு வானொலி கூறியதை மீறி மக்கள் தெருவில் இறங்கி, துப்பாக்கி முனைகளில் செங்கார்னேஷன் மலர்களைச் செருகினர். அன்று மக்களைச் சுட்டது ரகசியப் போலீசு மட்டுமே, நால்வர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டின் இறுதிக்குள் ஆப்பிரிக்கக் காலனிகள் விடுதலை பெற்றன.

அண்டை நாடான ஸ்பெயினில் மக்களும் வீரர்களும் அவ்வாறு கைகோக்கும் வாய்ப்பு அமையவில்லை. லிஸ்பனைக் கண்டு ஊக்கம் பெற்ற ஸ்பானிய அதிகாரிகள் 1974இல் 'ஜனநாயக ராணுவ ஒன்றியம்' என்ற ரகசிய அமைப்பை உருவாக்கினர். மேஜர் லூயிஸ் ஓட்டெரோ உள்ளிட்டோர் 1975இல் கைதாயினர். ஃபிராங்கோ இறந்த பின்னும் ஒன்பது அதிகாரிகளுக்கு ராணுவ நீதிமன்றம் தண்டனை விதித்தது. 1977இன் பொதுமன்னிப்புச் சட்டம் ஃபிராங்கோ ஆட்சியில் சித்திரவதை செய்தோரையும் காத்தது. ஜனநாயகம் கேட்ட அதிகாரிகளுக்கோ, படைக்குத் திரும்பும் உரிமை 1986 வரை கிட்டவில்லை.

ஏன் மன்னிப்பில்லை?

இந்தியாவாயினும் ஸ்பெயினாயினும் ஒன்றே நடந்தது. சுட்டவர்க்கு ஓய்வூதியம் கிடைத்தது. சுட மறுத்தவர்க்குத் தண்டனையும் மறதியும் கிடைத்தன. காரணம் தெளிவானது. ஆட்சி மாறினாலும் ஆளும் வர்க்கத்திற்குக் கீழ்ப்படியும் துப்பாக்கி தேவை. நேற்றைய ஆட்சியாளருக்கு மறுத்தவர் நாளை தமக்கும் மறுப்பார் என்ற அச்சம் புதிய ஆட்சியாளரையும் விடுவதில்லை. எனவே அவர்களை நினைவில் வைக்கும் கடமையை அரசு ஏற்காது. அது மக்கள் இயக்கத்தின் கடமை.

இன்னொன்றும் உண்டு. பெஷாவரில் மறுத்தவர்கள் தனித்து விடப்பட்டனர். லிஸ்பனில் மறுத்தவர்களை மக்கள் சூழ்ந்து நின்றனர். தனி வீரனின் மனசாட்சி உயர்ந்தது. மக்கள் அருகில் நின்றால் அது வெல்லும்.

சத்தியவேட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும், எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டு ஊர்களிலிருந்தும் உழவர் வீட்டுப் பிள்ளைகள் படைக்கும் காவல்துறைக்கும் செல்கின்றனர். அவர்களையும் அவர்களுடைய குடும்பங்களையும் அந்நியராகக் கருதும் பழக்கம் இயக்கத்திற்குக் கேடு. விடுமுறையில் ஊர் திரும்பும் இளைஞனிடம் சந்திர சிங்கின் கதையைச் சொல்லுங்கள். ஏப்ரல் 23ஐ ஒவ்வொரு கிளையும் நினைவுகூரட்டும்.

பெஷாவர் வீரர்களுக்குச் செவ்வணக்கம்!