வெயில் நாட்டுப் பெங்குவின்

பெங்குவின் என்றதும் பனிப்பாறையும் உறைந்த கடலுமே நேயர்கள் பலரின் மனத்தில் தோன்றும். ஆனால், கோடை வெயில் பாறைகளைச் சுடவைக்கும் தென்னாபிரிக்க, நமீபியக் கரைகளிலும் ஒரு பெங்குவின் இனம் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து வாழ்கின்றது. ஆபிரிக்கப் பெங்குவின் என்பது அதன் பெயர். கழுதைப் பெங்குவின் என்றும் அதனை அழைப்பர். 1497ஆம் ஆண்டில் வாஸ்கோ ட காமாவுடன் வந்தோர், கழுதை போலக் கத்தும் பறக்கமாட்டாத பறவைகளை அக்கரையிலே கண்டதாகக் குறித்துவைத்தனர். பெயர் அழகானதன்று, ஆயினும் அக்குரலைக் கேட்டோர் அது பொருத்தமற்றது என்று கூறார்.

ஏறக்குறைய இரண்டடி உயரமும் மூன்று கிலோகிராம் நிறையும் உடைய சிறிய பறவை இது. இது மீன் பிடிக்கும் பெங்குவேலா நீரோட்டம் குளிர்ந்தது. முட்டையிடும் கரையோ வெப்பமானது. குளிருக்கென அமைந்த நெருங்கிய இறகுப் போர்வையுடனேயே வெயிலையும் தாங்கவேண்டியிருப்பதுதான் இப்பறவையின் பெருந் தொல்லை. கண்ணுக்கு மேலே இறகில்லாத இளஞ்சிவப்புத் தோல் ஒன்று உண்டு. உடல் சூடேறும்போது அவ்விடத்திற்குக் குருதி மிகுதியாகப் பாய்ந்து வெப்பத்தை வெளியேற்றும். அதுவும் போதாதபோது, பறவை அலகைத் திறந்து இளைக்கும். சிறகுகளை விரித்துக் காற்று வாங்கும்.

முட்டைக்கும் குஞ்சுக்கும் இந்த வசதிகள் இல்லை. அவற்றைக் காத்தது வீடு. கடற்பறவைகளின் எச்சம் பன்னெடுங் காலமாகத் தீவுகளிலே படிந்து, பல அடி தடிப்பான படையாக இறுகிக் கிடந்தது. அதனைக் குடைந்து வளை அமைத்து, உள்ளே இரண்டு முட்டைகளை இட்டு, ஆணும் பெண்ணும் முறைவைத்து ஏறக்குறைய நாற்பது நாள் அடைகாத்தன. வெளியே வெயில் எரித்தாலும் வளையினுள் தண்மை இருந்தது.

1840களில் அந்த எச்சம் சிறந்த பசளை என்பதை ஐரோப்பிய வணிகர் அறிந்தனர். நமீபியக் கரையை அடுத்த இச்சாபோ என்னும் சிறு தீவை நூற்றுக்கணக்கான கப்பல்கள் சூழ்ந்தன. சில ஆண்டுகளுக்குள் வெறும் பாறையே எஞ்சியது. மற்றத் தீவுகளும் ஒவ்வொன்றாகச் சுரண்டப்பட்டன. ஐரோப்பிய வயல்கள் செழித்தன. பெங்குவின்கள் வெட்டவெளியில் முட்டையிடத் தொடங்கின. வெயில் தாங்காத பறவை கூட்டைவிட்டு நீருக்கு ஓடும் சிறு பொழுதில், கடற்காகம் முட்டையைக் கவர்ந்துவிடும். கவராவிட்டாலும் வெயில் அதனைக் கெடுத்துவிடும்.

வீடு போனபின் வேறிடம் நாடலாகாதா என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒருமுறை குஞ்சு பொரித்த இடத்தை இப்பறவை எளிதில் விடுவதில்லை. 2000ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ட்ரெஷர் என்னும் கப்பல் கேப் டவுனுக்கு அருகே மூழ்கி எண்ணெய் கசிந்தது. எண்ணெய் படிந்த ஏறக்குறைய 19,000 பறவைகளைத் தொண்டர்கள் கழுவித் தேற்றினர். எண்ணெய் படாத ஏறக்குறைய 19,500 பறவைகளை, அந்நாளில் போர்ட் எலிசபெத் எனப்பட்ட நகரின் அருகே கொண்டுசென்று விட்டனர். அவை நீந்தி வருவதற்குள் கடல் தூய்மையாகிவிடும் என்பது கணக்கு. கணக்குத் தப்பவில்லை. எண்ணூறு கிலோமீற்றருக்கு மேல் நீந்தி, அவற்றுட் பெரும்பாலானவை தங்கள் தீவுகளுக்கே திரும்பின.

முட்டை சேகரிப்போரும் இவ்வினத்தைக் குறைத்தனர். 1960களின் இறுதி வரை அத்தொழில் நடைபெற்றது. இப்பொழுது பசியே பெரும் பகை. இறகுதிர்க்கும் மூன்று வாரங்களும் இப்பறவை கடலில் இறங்காது பட்டினி கிடக்கும். முன்னும் பின்னும் சாளையும் நெத்தலியும் நிறையக் கிடைத்தாலன்றி அது பிழைக்காது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பத்து இலட்சத்திற்கு மேற்பட்டிருந்த இவ்வினத்தில், இன்று பத்தாயிரத்துக்கும் குறைவான இணைகளே எஞ்சியுள்ளன. 2025ஆம் ஆண்டில், ஆறு வாழிடங்களைச் சுற்றிச் சாளையும் நெத்தலியும் வலைவீசிப் பிடிப்பதைப் பத்தாண்டுகளுக்குக் கட்டுப்படுத்த நீதிமன்ற ஆணை பிறந்தது.

இழந்த வளைக்கு ஈடாகச் செயற்கைக் கூடுகளும் வைக்கப்படுகின்றன. முதலில் வைத்த கண்ணாடியிழைக் கூடுகள் சில, வெயிலில் உள்ளே புழுங்கின. பின்னர் பீங்கான் சேர்ந்த இரட்டைச் சுவரும் காற்றுத் துளையும் உள்ள கூடுகளைச் செய்து டையர் தீவில் வைத்தனர். பெங்குவின்கள் அவற்றினுள் புகுந்து முட்டையிட்டன.