தொட்டியில் நிற்பவரின் கேள்விகள்



தெருவிளக்கைப் பழுது பார்க்க வரும் லாரியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லாரியின் முதுகில் மடங்கிக் கிடக்கும் நீண்ட கை நிமிர்ந்து மேலே போகும். அதன் நுனியில் ஒரு தொட்டி, தொட்டிக்குள் ஓர் ஆள். அமெரிக்காவில் இதைப் பக்கெட் டிரக் என்பார்கள். மின்கம்பி வேலைக்காரர்கள் மட்டுமல்ல, மரம் கவாத்து செய்கிறவர்களும் பட்ட மரத்தை இறக்குகிறவர்களும் அங்கே இந்த வண்டியை நம்பிப் பிழைக்கிறார்கள். அவர்களில் சிறிய அளவில் தொழில் நடத்துகிறவர்கள் பலர் பழைய வண்டியைத்தான் தேடிப் போகிறார்கள். அந்தப் பழைய வண்டியை எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

கடல் கடந்த நாட்டு லாரி வியாபாரம் நமக்கு எதற்கு என்று தோன்றலாம். காரணம் இருக்கிறது. மனிதரை உயரே தூக்கும் இயந்திரத்தை வாங்குபவர் பெரும்பாலும் ஒருவர், அதில் ஏறுபவர் இன்னொருவர். பணம் போட்டவர் தரையில் நிற்கிறார். உயிரை ஒப்படைத்தவர் அறுபது அடி உயரத்தில் நிற்கிறார். இந்த இருவருக்கும் நடுவே என்ன நியாயம் இருக்க வேண்டும் என்பது வண்டியை விலை பேசும் அன்றே தீர்மானமாகிவிடுகிறது.

இந்த இயந்திரம் பிறந்ததே மரத்தடியில்தான். கலிபோர்னியாவில் ஜே ஐட்டல் என்பவர், ஏணியை நகர்த்தி நகர்த்திச் செர்ரிப் பழம் பறிக்கும் பாட்டைக் குறைக்க 1944-ல் இதை உருவாக்கினார். பிறகு தொலைபேசிக் கம்பி, மின்கம்பி, தெருவிளக்கு என்று எல்லா இடங்களுக்கும் பரவியது. ஆனாலும் மரம் வெட்டுகிறவர்களுக்கு நெடுங்காலம் கயிறு கட்டி ஏறும் கைத்திறன்தான் மூலதனம். அந்தத் திறனுக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. ஆனால் கயிற்றை மட்டும் நம்பி ஏற முடியாத மரங்கள் பெருகிவிட்டன.

2002-ல் டெட்ராய்ட் நகரை ஒட்டிய பகுதியில் பளபளக்கும் ஒரு பச்சை வண்டு கண்டறியப்பட்டது. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த அந்த வண்டுக்கு எமரால்டு ஆஷ் போரர் என்று பெயர். அதன் புழு ஆஷ் மரத்தின் பட்டைக்கு அடியில் குடைந்து, நீரும் உணவும் ஓடும் பாதையைத் துண்டித்துவிடும். அதனால் பல கோடி ஆஷ் மரங்கள் பட்டுப்போயின. பட்ட ஆஷ் மரம் விரைவில் வலுவிழந்து முறியத் தயாராகிவிடும். ஏறுகிறவர் எந்தக் கிளையை நம்பிக் கயிறு போடுகிறாரோ, அந்தக் கிளையே முறிந்து விழலாம். அப்படிப்பட்ட மரத்தின் மேல் ஏறாமல், பக்கத்தில் உயர்ந்து நின்று வெட்டுவதுதான் பிழைக்கும் வழி. இரண்டு மூன்று ஆட்களை வைத்துத் தொழில் செய்கிறவருக்கும் பக்கெட் வண்டி தேவைப்படுவது இதனால்தான். புதிய வண்டி அவர் கைக்கு எட்டாது. மின் நிறுவனங்களும் பெரிய மர நிறுவனங்களும் பல ஆண்டுகள் ஓட்டிவிட்டுக் கழிக்கும் வண்டிகள் ஏலத்துக்கும் தரகர்களிடமும் வருகின்றன. அவர் அங்கே போகிறார்.

போகிறவர் மனத்தில் வைக்க வேண்டியது ஒன்று. அவர் வாங்குவது இரண்டு இயந்திரங்களை. கீழே லாரி, மேலே பூம் என்று சொல்லப்படும் அந்தக் கை. லாரியைப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். எஞ்சின், பிரேக், டயர், சேஸிஸில் துரு. இவற்றோடு எடையையும் பார்க்க வேண்டும். சுமையோடு சேர்த்து 26,000 பவுண்டுக்கு மேல், அதாவது ஏறத்தாழ 11,800 கிலோவுக்கு மேல் அனுமதி உள்ள வண்டி என்றால், அதை ஓட்ட அமெரிக்காவில் வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். இன்னொன்று, ஓடிய தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. இந்த வண்டி காலையில் மரத்தடியில் நின்றால் சாயங்காலம் வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். பூமைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் அந்த எஞ்சினின் விசையில்தான் சுழல்கிறது. மைல் கணக்கு குறைவாக இருக்கும், மணிக் கணக்கு மலைபோல் இருக்கும். மணி காட்டும் மீட்டரைப் பார்க்காமல் எஞ்சினின் வயதைச் சொல்ல முடியாது.

ஆண்டுக்கு ஒரு முறை லாரிக்கு நடக்கும் சாலைத் தகுதிச் சோதனைச் சான்றிதழை விற்பவர் காட்டுவார். நம் ஊரில் எஃப்.சி. காட்டுவது போலத்தான். அந்தச் சான்றிதழ் லாரிக்கு உரியது. பூமைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

பூமை எப்படிப் பார்ப்பது? முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். பூம் வந்து உட்காரும் சுழல்மேடை, அதன் போல்ட்டுகள், முழங்கை போல மடங்கும் இடத்தின் பின்கள், வெல்டிங் செய்த ஒவ்வொரு மூலை. பெயின்ட்டில் மயிரிழை போல ஒரு கோடு ஓடி, அதன் வழியே துரு கசிந்திருந்தால், அடியில் இரும்பு விரிசல் விட்டிருக்கலாம். விற்பனைக்காகப் புதிதாக அடித்த பெயின்ட் இந்தக் கோடுகளை மறைத்துவிடும். மாடு பிடிக்கப் போகிறவர் கொம்பில் பூசிய வர்ணத்தைப் பார்க்க மாட்டார், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். இங்கும் அதே கண் வேண்டும்.

அடுத்து, இயக்கிப் பார்க்க வேண்டும். தாங்குகால்களை இறக்கி, ஆள் இல்லாமல் பூமை உயர்த்தி, எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். பூம் மெல்லமெல்ல இறங்கினால், சிலிண்டரிலோ அதைப் பிடித்து நிறுத்தும் வால்விலோ கோளாறு. தொட்டியைக் கையால் அசைத்துப் பார்த்தால் பின்களின் தேய்மானம் ஆட்டமாகத் தெரியும். பூம் எந்தக் கோணத்தில் போனாலும் தொட்டியைச் சாயாமல் வைத்திருக்க உள்ளே கேபிளோ சங்கிலியோ தண்டோ இருக்கும். அது அறுந்தால் தொட்டி கவிழும், ஆகவே அதைத் திறந்து பார்க்காமல் விலை பேசக் கூடாது. மேலே ஒரு கட்டுப்பாடும் கீழே ஒரு கட்டுப்பாடும் உண்டு. மேலே உள்ளவர் மயங்கி விழுந்தால் கீழே இருப்பவர் அவரை இறக்க முடிய வேண்டும். எஞ்சின் நின்றுபோனாலும் இறக்குவதற்கு அவசர பம்ப் இருக்க வேண்டும். அது வேலை செய்கிறதா என்று அங்கேயே, அப்போதே பார்க்க வேண்டும்.

மரவேலையில் ஓடிய வண்டிக்கே உரிய தழும்பு ஒன்று உண்டு. செயின் சா எனப்படும் அறுக்கும் மெஷினின் பற்கள் பட்ட வெட்டு. தொட்டியின் விளிம்பில் அது இருக்கலாம், பூமின் ஃபைபர் கிளாஸ் பகுதியிலும் இருக்கலாம். அந்த ஃபைபர் கிளாஸ் பகுதியை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்க்க வேண்டும். அதற்குக் காரணம் மின்சாரம்.

அமெரிக்கத் தெருக்களில் மரமும் மின்கம்பியும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நிற்கும் இடங்கள் ஏராளம். பூமின் ஒரு பகுதியை ஃபைபர் கிளாஸில் செய்வது, மேலே கம்பியில் பட்டுவிட்டால் மின்சாரம் லாரி வழியாகத் தரைக்கு இறங்காமல் தடுப்பதற்காக. இந்த மின்காப்பு கண்ணுக்குத் தெரியாதது. ஃபைபர் கிளாஸ் இருப்பதாலேயே காப்பு இருக்கிறது என்று நம்புவது ஆபத்து. மரப் பிசினும் தூளும் ஈரமும் படிந்தால் அது குறையும். யாரோ ஒரு விளக்கு மாட்டத் துளை போட்டிருந்தால் குறையும். பூமுக்குள் ஓடும் ஹைட்ராலிக் ஹோஸை மாற்றும்போது, உள்ளே இரும்புக் கம்பி பின்னிய ஹோஸைப் போட்டிருந்தால், காப்புக்குள்ளேயே மின்சாரத்துக்குப் பாதை போட்டது போலாகும். மின்காப்பு உண்டா இல்லையா என்று சொல்ல உயர் மின்னழுத்தம் செலுத்திச் செய்யும் சோதனை ஒன்றால்தான் முடியும். அதைத் தகுதியுள்ளவர் செய்து, தேதியோடு எழுதித் தர வேண்டும். பழைய சோதனைத் தாள்கள் வரிசையாக இருந்தால் வண்டியை ஒழுங்காக வைத்திருந்தார்கள் என்று பொருள். ஒரு தாளும் இல்லையென்றால், மின்காப்பு இல்லாத வண்டி என்று எடுத்துக்கொண்டே விலை பேச வேண்டும்.

காப்பு இருக்கும் வண்டியும் எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றாது. தொட்டியில் நிற்பவர் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் இன்னொரு கம்பியையோ, தரையில் வேரூன்றிய மரத்தையோ தொட்டால், மின்சாரம் அவர் உடல் வழியாகவே பாயும். லாரி அதில் எதுவும் செய்ய முடியாது. அதனால்தான் மின்கம்பி வேலைக்கென்று தனிப் பயிற்சி பெறாதவர், 50 கிலோவோல்ட் வரையிலான கம்பியிலிருந்து குறைந்தது 10 அடி விலகியிருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு விதி சொல்கிறது. அழுத்தம் கூடக்கூட அந்த இடைவெளியும் கூடும்.

அதே விதிகள் இன்னும் சிலவற்றைச் சொல்கின்றன. ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன் கட்டுப்பாடுகளைச் சோதிக்க வேண்டும். தொட்டியின் தரையில் காலூன்றி நிற்க வேண்டும், விளிம்பில் ஏறி நிற்கவோ உட்காரவோ கூடாது. பாதுகாப்புக் கயிற்றைப் பூமிலோ தொட்டியிலோ மாட்ட வேண்டும், பக்கத்திலிருக்கும் கம்பத்தில் மாட்டக் கூடாது. கீழிருப்பவர், அவசரம் தவிர, மேலிருப்பவரின் அனுமதி இல்லாமல் பூமை அசைக்கக் கூடாது. விழுகிறவரைத் தாங்க இடுப்பு பெல்ட்டை மட்டும் நம்பும் வழக்கம் 1998-ல் சட்டப்படி முடிந்தது. உடல் முழுவதையும் தாங்கும் பட்டை வேண்டும்.

இத்தகைய விதிகளை அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ பொழுதுபோகாமல் எழுதியதாக நினைக்கிறவர்கள் உண்டு. மரவேலைக்கென்று அமெரிக்காவில் இருக்கும் இசட் 133 என்ற பாதுகாப்புத் தரம் எப்படி வந்தது தெரியுமா? 1966-ல் நியூயார்க்கைச் சேர்ந்த ஒரு தாய், மரவேலையில் மகனைப் பறிகொடுத்தார். இந்தத் தொழிலுக்குப் பாதுகாப்பு விதியே இல்லையா என்று கேட்டு, கதவுகளைத் தட்டினார். 1968-ல் அதற்கான குழு கூடியது. 1972-ல் தரம் வெளிவந்தது. இன்று எத்தனையோ பிள்ளைகள் மாலையில் வீடு திரும்புவதில் அந்தத் தாயின் பிடிவாதத்துக்குப் பங்கு இருக்கிறது.

பழைய வண்டி வாங்குவதில் தவறே இல்லை. நன்றாகப் பராமரித்த பழைய பூம், அக்கறையில்லாமல் ஓட்டிய புதிய பூமைவிட நம்பகமானது. ஆனால் மூன்று காரியங்களைச் செய்தாக வேண்டும். பூமில் ஆணியடித்த தகட்டில் உள்ள வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு, தயாரித்த நிறுவனத்தைக் கேட்டு, அந்த மாடலுக்குப் பழுது எச்சரிக்கை ஏதும் அனுப்பினார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத ஒரு சோதனையாளரைக் கூலி கொடுத்து அழைத்து வர வேண்டும். அந்தக் கூலி வண்டியின் விலையில் ஒரு சிறு துளிதான். கடைசியாக, நாளை அந்தத் தொட்டியில் நிற்கப்போகிற தொழிலாளியைக் கூட்டிப்போக வேண்டும். அவர் வேண்டாம் என்றால் அந்த வண்டி வேண்டாம்.

இந்தக் கடைசிக் காரியத்துக்கு ஒரு காசு செலவில்லை, ஆனாலும் அதிகம் விட்டுப்போவது இதுதான். நம் தெருவுக்கும் இப்படி ஒரு வண்டி விளக்கு மாட்டவோ கிளை கழிக்கவோ வரும். அப்போது, கரண்ட்டை நிறுத்தினார்களா, பூமை எப்போது சோதித்தார்கள், மேலே போகிறவர் பட்டை போட்டிருக்கிறாரா என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. மேலே போகிறவருக்கு, இந்த வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்லும் உரிமை உண்டு. அப்படிச் சொன்னதற்காக அவருடைய அன்றைய கூலி பறிபோகாமல் பார்த்துக்கொள்வது, வண்டியை வாங்கியவரின் கடமை.