முடி கொட்டாத நாயும் நம்ம தலையில விழுற வேலையும்

இன்னைக்கும் கோட் பத்தித்தான் பேசப் போறோம். ஆனா லேப்டாப்ல எழுதுற கோட் இல்ல, நாய் உடம்புல வளர்ற கோட். இந்த ஷோவுல அப்பப்போ பின்னாடி குரைக்கிற சத்தம் கேட்குமே, அவன்தான் எங்க வீட்டு முறுக்கு. லேப்ரடாருக்கும் பூடிலுக்கும் பிறந்த லேப்ரடூடில். உடம்பு முழுக்க சுருள் முடி, அதனால அந்தப் பேர். "நாங்களும் இதே மாதிரி ஒண்ணு வாங்கலாமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ஆமா, இல்லன்னு ஒரே வார்த்தையில சொல்ல முடியாத விஷயம் இது. அதனால ஒரு முழு எபிசோட்.

மூணு வருஷம் முன்னாடி தங்கச்சி நாய் வேணும்னு அடம் பிடிக்க ஆரம்பிச்சா. அம்மா போட்ட ஒரே கண்டிஷன், சாப்பாட்டுல முடி வரக்கூடாது. அப்பாவுக்கு தூசி பட்டாலே தும்மல், சில நாள் வீசிங்கும் வரும். நான் என்ன பண்ணேன்? ஆபீஸ் புத்தி, ஒரு எக்செல் ஷீட் போட்டேன். முடி கொட்டக்கூடாது, அலர்ஜி வரக்கூடாது, குடும்பத்தோட ஒட்டணும், ஃப்ளாட்டுக்கு ஒத்துவரணும். எல்லா கட்டத்துலயும் டிக் வாங்கினது லேப்ரடூடில். வித்தவரும் "ஹைப்போஅலர்ஜெனிக் சார், கண்ணை மூடிட்டு வாங்கலாம்"னு சொன்னார். நாங்க நிஜமாவே கண்ணை மூடிட்டுத்தான் வாங்கினோம்.

இந்த நாய் எப்படி வந்ததுன்னு நான் படிச்சது அதுக்கு அப்புறம்தான். 1980-களோட கடைசியில ஆஸ்திரேலியாவுல வாலி கான்ரன்னு ஒருத்தர், வழிகாட்டி நாய்களை வளர்க்கிற அமைப்புல வேலை பார்த்தார். ஹவாயில பார்வை இல்லாத ஒரு பெண்ணுக்கு நாய் தேவை. ஆனா அவங்க கணவருக்கு நாய் அலர்ஜி. பல பூடில்களை முயற்சி பண்ணியும் சரிவரல. கடைசியில லேப்ரடாரையும் பூடிலையும் இணைச்சார், மூணு குட்டிகள். அதுங்களோட முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்தப்போ, ஒத்துக்கிட்டது ஒரு குட்டிதான். கவனிங்க, மூணுல ஒண்ணு! கலப்பின நாயை யாரும் எடுத்துக்க முன்வராததால அவரே லேப்ரடூடில்னு ஒரு பேர் வெச்சார். பேர் பிச்சுக்கிட்டுப் போச்சு. கண்டபடி இனப்பெருக்கம் பண்ணி விக்கிறதைப் பார்த்துட்டு, 2019-ல அவரே வருத்தப்பட்டுப் பேசினார்.

நம்ம பாஷையில சொன்னா, ரெண்டு பிராஞ்சை மெர்ஜ் பண்ற மாதிரி. எந்த வரி எங்கிருந்து வரும்னு முன்கூட்டியே தெரியாது. ஒரே ஈத்துல ஒரு குட்டிக்கு இறுக்கமான சுருள், இன்னொண்ணுக்கு லேப்ரடார் மாதிரியே கொட்டுற முடி. எஃப்1-ன்னா பாதிக்குப் பாதி. எஃப்1பி-ன்னா அதைத் திரும்பவும் பூடிலோட சேர்த்தது, பெரும்பாலும் முடி குறைவாக் கொட்டும். ஆனா கேரண்டி கிடையாது.

அலர்ஜி விஷயமும் அப்படித்தான். பிரச்சினை முடி மட்டும் இல்ல. எச்சில், தோல் செதில், சிறுநீர் எல்லாத்துலயும் இருக்கிற புரதம்தான் தும்மலைக் கிளப்புது. 2012-ல வெளியான ஒரு நெதர்லாந்து ஆய்வுல, "அலர்ஜி வராத" ரகம்னு பேர் எடுத்த நாய்களோட முடியில அந்தப் புரதம் குறைவா இல்ல, மத்த நாய்களைவிட அதிகமாவே இருந்தது. லேப்ரடூடில் இருக்கிற வீடுகளோட தரைத் தூசியில மட்டும் கொஞ்சம் குறைவு. காத்துல வித்தியாசமே இல்ல.

முறுக்கு வந்த முதல் மாசம் அப்பா தும்மித் தள்ளினார். ஒரு ராத்திரி இன்ஹேலர் எடுக்க வேண்டியதாப் போச்சு. தங்கச்சி அழறா, அம்மா என்னைப் பார்க்கிறாங்க. திருப்பிக் கொடுத்துடலாமான்னு நான் கேட்டதுக்கு அப்பா சொன்னார்: "தப்பு நம்ம மேல, அவன் என்னடா பண்ணுவான்?" டாக்டரைப் பார்த்தோம். அப்பா ரூமுக்குள்ள நாய்க்கு அனுமதி இல்ல. தினமும் ஈரத்துணியில தரை துடைக்கிறோம். அப்பா அவனைத் தொட்டா உடனே கை கழுவிடுவார். இப்போ சமாளிக்கிறார். ஆனா எல்லா வீட்லயும் இப்படி முடியாது. அதனால வாங்குறதுக்கு முன்னாடி, அலர்ஜி இருக்கிறவரை இதே ரக நாய் இருக்கிற ஒரு வீட்டுக்கு ரெண்டு மூணு தடவை கூட்டிட்டுப் போய் நேரம் செலவழிக்க வைங்க. நாங்க செய்யாம விட்டது அதுதான்.

இப்போ அந்த முடி. முடி கொட்டலன்னா என்ன அர்த்தம்? உதிர்ற முடி தரையில விழாம, பக்கத்து சுருள்லயே சிக்கி நிக்குதுன்னு அர்த்தம். தரையில விழாத முடி, வேலையா நம்ம தலையில விழும். ஆறு மாசத்துக்கு மேல குட்டி முடி போய்ப் பெரிய முடி வர்ற நேரம்தான் ரொம்ப மோசம். அந்த நேரம் பார்த்து எனக்கு ஆபீஸ்ல ரிலீஸ். மேலாக ரெண்டு இழு இழுத்துட்டு, பிரஷ் பண்ணியாச்சுன்னு விட்டுடுவேன். வெளியில பார்க்கப் பஞ்சு மாதிரிதான் இருந்தான். காது பின்னாடி கை வெச்சா கத்தினான். க்ரூமர் முடியை விலக்கிக் காட்டினப்போதான் தெரிஞ்சது, அடியில தோலோட ஒட்டி கம்பளி மாதிரி ஒரு சிக்கு. உள்ள தோல் சிவந்து ஈரமா இருந்தது. மொத்தமா மழிக்க வேண்டியதாப் போச்சு. வீட்டுக்கு வந்து சோபா அடியில போய் ஒளிஞ்சுக்கிட்டான். ரெண்டு நாள் என் பக்கமே வரல. எந்த புரொடக்ஷன் பக்குக்கும் நான் அவ்வளவு வெட்கப்பட்டது இல்ல.

அதுக்கு அப்புறம் நாங்க கத்துக்கிட்டது இதுதான். தினமும் 20 நிமிஷம். ஸ்லிக்கர் பிரஷ்ஷால முடியைப் பகுதி பகுதியாப் பிரிச்சு, தோல் தெரியுற வரைக்கும். அதே இடத்துல இரும்புச் சீப்பு தடை இல்லாமப் போனாத்தான் முடிஞ்சதுன்னு கணக்கு. காது பின்னாடி, அக்குள், கழுத்துப் பட்டை உரசுற இடம், இதெல்லாம் கட்டாயம். குளிப்பாட்டுறதுக்கு முன்னாடியே சிக்கு எடுத்துடணும், தண்ணி பட்டா சிக்கு இறுகிடும். அப்புறம் அடி வரைக்கும் காய வைக்கணும். சென்னைப் புழுக்கத்துல ஈர முடி தோல் நோய்க்கு அழைப்பு. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை க்ரூமிங். வெயிலுக்காக மொட்டை அடிக்க வேண்டாம், ஒரு இன்ச் நீளம் இருந்தாப் போதும். தொங்கு காது, உள்ளேயும் முடி. வாடை வந்தாலோ தலையை ஆட்டிக்கிட்டே இருந்தாலோ டாக்டர்கிட்ட போயிடுங்க.

இன்னும் சில விஷயம் வேகமா. வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே வாக்கிங். புறங்கையை ரோட்டுல வெச்சு ஏழு செகண்ட் தாங்கலன்னா, அவன் பாதமும் தாங்காது. வந்ததும் விரல் இடுக்கு, காது மடல்ல உண்ணி இருக்கான்னு பாருங்க. சுருள் முடியில தெரியவே தெரியாது. சாப்பிடாம சோர்ந்து படுத்தா, உண்ணிக் காய்ச்சலான்னு ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க. வெங்காயம் போட்ட சாம்பார் சோறு, திராட்சை, சாக்லேட் வேண்டவே வேண்டாம்.

வாங்குறதா இருந்தா, தாய் நாயை நேர்ல காட்டச் சொல்லுங்க. தாய் தகப்பன் ரெண்டுக்கும் இடுப்பு எக்ஸ்ரே, கண் நோய்க்கான டிஎன்ஏ பரிசோதனை ரிப்போர்ட் கேளுங்க. லேப்ரடார், பூடில் ரெண்டு பக்கத்துலயும் இந்தப் பிரச்சினைகள் உண்டு. கலப்பினம்னா நோயே வராதுங்கிறது கதை. எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக்கூடாதுன்னு 2017 விதிகள் சொல்லுது. "இப்பவே எடுத்துக்கோங்க"ன்னு அவசரப்படுத்துறவங்ககிட்ட வாங்காதீங்க.

கடைசியா ஒரு டெஸ்ட். நாய் வர்றதுக்கு முன்னாடி ஒரு மாசம், தினமும் காலையில 5:30-க்கு கீழ இறங்கி நடங்க. ராத்திரி 20 நிமிஷம் போனைத் தள்ளி வெச்சுட்டு சும்மா உட்காருங்க, அது பிரஷ் பண்ற நேரம். யார் எந்த வேலைன்னு வீட்ல பேசி எழுதி ஒட்டுங்க. பத்தாவது நாளே விட்டுட்டீங்கன்னா, முடி குட்டையா இருக்கிற நம்ம ஊர் நாய் ஒண்ணைத் தத்தெடுக்கிறதைப் பத்தி யோசிங்க. அதுவும் அதே அன்பைத்தான் கொடுக்கும், இந்த வெயிலும் அதுக்குப் பழக்கம்.

எங்க வீட்ல காலை வாக்கிங் அப்பா, தரை நான், சாப்பாடு அம்மா, காதும் உண்ணியும் தங்கச்சி. பிரஷ் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கிறதில்ல. இதோ, சீப்பை எடுத்துட்டு வந்து கால்ல போட்டுட்டான். மணி ஒன்பதரை. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!