சான்றிதழ் மட்டும் போதுமா?



செமினியிலும் காஜாங்கிலும் பிள்ளையைக் கீபோர்டு வகுப்பில் சேர்க்கும் பெற்றோர் பலர் முதலில் கேட்பது, "கிரேடு தேர்வு எப்போது?" என்றுதான். தேர்வு வேண்டியதுதான். ஆனால் தேர்வுப் பாடல்களை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளையிடம் புதிய பாடலைக் கொடுத்தால் விரல் நின்றுவிடும். காரணம், அடிப்படை இல்லை.

மேல்நாட்டு இசையின் அடிப்படை மூன்று: மெட்டு, தாளம், ஹார்மனி. முதல் இரண்டும் தமிழ்ப் பிள்ளைக்குப் பழகியவை. மேஜர் ஸ்கேலின் ஸ்வர வரிசைதான் சங்கராபரணம். பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் இசைந்து ஒலிக்கும் ஹார்மனிதான் புதியது. இது புரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

வரலாறும் அந்நியமல்ல. பீத்தோவன் மறைந்த அதே 1827-இல்தான் சியாமா சாஸ்திரிகளும் மறைந்தார். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம் இயற்றினார். அவர் தம்பி பாலுசுவாமி வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேல்நாட்டு இசை பயின்றார். 2025 மார்ச் 8-இல் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றினார்.

ஆகவே பெற்றோர்களே, தினமும் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து இசை கேளுங்கள். மெட்டு எது, தாளம் எது, சேர்ந்து ஒலிப்பது எது என்று பிள்ளையையே சொல்லச் சொல்லுங்கள். கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் 1998-இல் திறந்த பில்ஹார்மோனிக் மண்டபத்துக்கு ஒருமுறை அழைத்துப் போங்கள். சான்றிதழ் சுவரில் தொங்கும். பழகிய காது ஆயுளுக்கும் கூட வரும்.