பல்லில் தெரியும் கறை, தண்ணீரில் தெரியாது

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரப் பயிற்றுநர் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன் தவணை எல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி பத்து நிமிஷம் நம்ம குடத்துத் தண்ணியைப் பத்திப் பேசலாம்.

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்ப் பிள்ளைகளின் பல்லில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் கறை இருப்பதைப் பார்த்திருப்பீங்க. "ஒழுங்கா பல்லு விளக்கினாத்தானே!" என்று பிள்ளையைத் திட்டுகிறோம். கரி, செங்கல் தூள் போட்டுத் தேய்க்கிறோம். கறை போகாது, பல்லுதான் தேயும். ஏன்னா அது அழுக்கு இல்லீங்க. தண்ணீரில் அதிகமாக இருக்கிற ஃபுளோரைடு செய்த வேலை.

இந்தப் பக்கத்துப் பாறைகளிலேயே ஃபுளோரைடு இருக்கிறது. நிலத்தடி நீர் பாறையில் தங்கும்போது அது கரைந்து, போர் தண்ணீரோடு மேலே வந்துவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 1 மில்லி கிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழி இல்லாத இடத்தில் 1.5 மில்லி கிராம் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் கெடுதல்.

பிள்ளைக்கு எட்டு வயசு ஆகும் வரை, பெரிய பல் ஈறுக்குள்ளே உருவாகிக்கொண்டு இருக்கும். கறை படிவதும் அப்போதுதான். பல் வெளியே வந்த பிறகு பார்த்து என்ன பயன்? வயசுப் பெண் சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வது அம்மாவுக்கு எவ்வளவு வேதனை!

பெரியவர்களையும் இது விடாது. பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிப்போகும். குனியவும் கழுத்தைத் திருப்பவும் சிரமப்படுவார்கள். எல்லா மூட்டுவலிக்கும் இதுதான் காரணம்னு சொல்லலை. ஆனால் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்ட வேண்டும். இறுகிய எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து இல்லை. வராமல் தடுக்க நம்மால் முடியும்.

"காய்ச்சித்தானே குடிக்கிறோம்" என்று சிலர் கேட்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. துணியில் வடிகட்டினாலும் போகாது. நிறத்திலும் வாசனையிலும் தெரியாது. சோதித்தால்தான் தெரியும்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஒவ்வொரு கிராமத்திலும் ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கப் பயிற்சி தர வழி செய்திருக்காங்க. அந்த ஐந்து பேரில் நம் குழுப் பெண்கள் இருக்க வேண்டாமா? ஊராட்சியில் கேளுங்கள். சந்தேகம் இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்துக்குத் தண்ணீரைக் கொடுத்து உறுதி செய்துகொள்ளலாம்.

இந்தக் கஷ்டத்துக்காகவே ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் வருகிற ஊரில், அதைக் குடிக்க மட்டும் வைத்துக்கொண்டு சோறு குழம்புக்கு போர் தண்ணீரை ஊற்றுவது சரியில்லை. உலையில் ஊற்றும் தண்ணீரும் வயிற்றுக்குத்தானே போகுது? குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணீர். குளிக்க, துவைக்க, மாட்டுக் கொட்டகை கழுவ போர் தண்ணீர். இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். சுத்தமாகப் பிடித்து மூடி வைத்த மழைநீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. காய்ச்சிக் குடிக்கலாம்.

சாப்பாடும் உதவி செய்யும். கேழ்வரகு, பால், மோர், முருங்கைக்கீரை இவற்றில் சுண்ணாம்புச் சத்து. நெல்லிக்காய், கொய்யாவில் வைட்டமின் சி. பிள்ளைக்குப் பற்பசை பட்டாணி அளவு போதும், விழுங்க விடாதீங்க.

கடைசியாக ஒன்று. நாம் சொன்னால் வீட்டில் கேட்காதவர்கள், பிள்ளை சொன்னால் கேட்பார்கள். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகளைச் சோதனை நடக்கும் இடத்துக்கு அழைத்து வாருங்கள். அளவு கூடிய குழாய்க்கு அவர்களே சிவப்பு வர்ணம் அடிக்கட்டும். "இது குடிக்க ஆகாது" என்று தம்பி தங்கைகளுக்கு அவர்களே சொல்லட்டும். கறைப்பல் உள்ள பிள்ளையைக் கேலி செய்யக் கூடாது, தப்பு அந்தப் பிள்ளையுடையது இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊர் போர், பள்ளி, அங்கன்வாடித் தண்ணீரின் அளவைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கொண்டுவர வேண்டும். அளவு கூடியிருந்தால் மனு எழுதி, கிராம சபையில் நாம் எல்லாரும் சேர்ந்து கொடுப்போம்.