நம்ம நோட்டும் என் லேப்டாப்பும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



"நீ வெப்சைட் செய்யக் கத்துக்கிட்டதப் பத்தி பத்து நிமிஷம் பேசும்மா" என்று தலைவி அக்கா சொன்னார்கள். நான் கம்ப்யூட்டர் படிப்பு படித்தவள் இல்லை. பன்னிரண்டாவது முடித்துவிட்டுத் திருநாவலூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் குழுவில் கணக்கு எழுதுகிறவள். அதனால் கணக்கு எழுதுகிறவள் பேச்சாகவே இதைக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரி மாவட்டத்தில்தான் நம் மகளிர் குழுக்கள் தொடங்கின. 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை செய்து பார்த்தது. நமக்கு எல்லாப் பயிற்சியிலும் பஞ்சசூத்திரம் சொல்லித் தருகிறார்கள். தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, தவறாமல் உள்கடன், தவணை தவறாத வசூல், அன்றன்றைக்கு எழுதிய கணக்கு. இந்த ஐந்தாவதுதான் என்னை லேப்டாப் பக்கம் இழுத்துவிட்டது.

2020இல் ஊரடங்கு வந்தது ஞாபகம் இருக்கும். கூட்டம் போட முடியவில்லை. வங்கித் தவணையை ஆகஸ்டு 31 வரை தள்ளிக் கட்டலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. தவணைதான் தள்ளிப்போனது, வட்டி தள்ளிப்போகவில்லை. இது பலருக்குப் புரியவில்லை. காலை ஆறு மணிக்கே போன் வரும். "ஏம்மா, எனக்கு எம்மாம் பாக்கி நிக்குது?" ஒருத்தருக்குப் பதில் சொல்ல ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு, சேமிப்புப் பேரேடு மூன்றையும் பிரிக்க வேண்டும். அடுப்பில் சோறு கொதிக்கும்போது இது நடக்கிற காரியமா?

வீட்டில் என் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த விலையில்லா மடிக்கணினி இருந்தது. இதில் ஒரு பக்கம் செய்து எல்லார் பாக்கியையும் போட்டுவிடலாமே என்று தோன்றியது. மகள் எச்.டி.எம்.எல். கொஞ்சம் காட்டிக்கொடுத்தாள். பெயர், பாக்கி என்று வரிசையாக அடித்தேன். அழகாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் மூன்று பேர் தவணை கட்டினார்கள். மறுபடியும் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக அழித்து அடித்தேன். அப்போதுதான் புரிந்தது, நான் செய்தது சுவரில் எழுதிய அறிவிப்பு மாதிரி. எழுதினது எழுதினபடியே நிற்கும்.

எனக்கு வேண்டியது கணக்குப்பிள்ளை. "என் கணக்கு என்ன?" என்று கேட்டால் அந்த நிமிஷத்தில் பேரேட்டைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதைத்தான் டைனமிக் வெப்சைட் என்கிறார்கள். நாம் பார்க்கிற பக்கம் முன்கூட்டியே எழுதி வைத்தது கிடையாது. நாம் கேட்டதும் பி.ஹெச்.பி. என்ற நிரல் டேட்டாபேஸிடம் போய்க் கேட்டு, வந்த பதிலை வைத்துப் பக்கத்தை அப்போதே எழுதித் தருகிறது. நான் கேட்டால் என் கணக்கு வரும், நீங்கள் கேட்டால் உங்கள் கணக்கு வரும்.

பி.ஹெச்.பி.யை ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் முதலில் தன் சொந்தப் பக்கத்துக்காகத்தான் எழுதினார். 1995இல் எல்லாருக்கும் கொடுத்தார். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸும் அதே 1995இல் வந்தது. அதிலுள்ள 'மை' என்பது அதை உருவாக்கியவர்களில் ஒருவரான விடேனியஸின் மகள் பெயர். இரண்டுமே இலவசமாகக் கிடைக்கும். எக்ஸாம்ப் என்ற ஒன்றை இறக்கிப் போட்டால் பி.ஹெச்.பி.யும், மைஎஸ்கியூஎல் மாதிரியே வேலை செய்கிற மரியாடிபி என்ற டேட்டாபேஸும் சேர்ந்தே வரும். இன்டர்நெட் இல்லாமலே வீட்டு லேப்டாப்பில் பழகலாம்.

இங்கிலீஷ் தெரியாமல் எப்படிப் படித்தாய் என்று கேட்கிறார்கள். கணியம் என்று தமிழில் ஒரு கணினி இதழ் 2012 முதல் வருகிறது. அதில் எழுதும் து. நித்யா என்ற பெண் 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' என்று புத்தகமே எழுதி, யாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம் என்று கொடுத்திருக்கிறார். மும்பை ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் தமிழ்க் குரலில் பாடங்கள் இருக்கின்றன. பார்த்தேன், நிறுத்தினேன், அடித்துப் பார்த்தேன். மூன்று நாள் பாடம் எனக்கு மூன்று வாரம் ஆனது.

முதல் நாளே ஒரு அடி. தமிழில் பெயர்களை ஏற்றினேன். திறந்து பார்த்தால் எல்லார் பெயரும் வெறும் கேள்விக்குறி! பழைய பதிப்பில் டேபிளுக்குத் தமிழ் எழுத்து தாங்காது, யுடிஎஃப்8எம்பி4 என்று நாமே சொல்லித்தான் டேபிள் உண்டாக்க வேண்டும் என்று பிறகு தெரிந்தது. கேள்விக்குறியாகப் போனது திரும்ப வராது. 16 பேரையும் மறுபடி ஏற்றினேன்.

டேட்டாபேஸ் என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. நம்ம பேரேடுதான் அது. ஒரு டேபிளில் உறுப்பினர்கள், இன்னொன்றில் கடன்கள், இன்னொன்றில் கட்டிய தவணைகள். எங்கள் குழுவில் ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கிறார்கள். நோட்டில் 'கிழக்குத் தெரு', 'கோயில் தெரு' என்று போட்டுச் சமாளிப்போம். கணினிக்குத் தெருவும் தெரியாது, முகமும் தெரியாது. ஒருத்தி கட்டிய தவணை இன்னொருத்தி கணக்கில் போய் விழுந்தது. அதன்பின் ஆளுக்கு ஒரு எண் கொடுத்தேன். பெயர் உறுப்பினர் டேபிளில் ஒரே ஒரு இடத்தில் இருக்கும். மற்ற டேபிள்களில் எண் மட்டும். ரேஷன் கார்டு எண் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸிடம் கேட்கிற மொழியும் நாம் பேசுகிற மாதிரிதான். 'செலக்ட்' என்றால் எதை எடுக்கணும், 'ஃப்ரம்' என்றால் எந்தப் பேரேட்டிலிருந்து, 'வேர்' என்றால் யாருடையது. தொகையை எடு, தவணைப் பேரேட்டிலிருந்து, உறுப்பினர் எண் 7 உடையது. அவ்வளவுதான்.

இப்போது நான் தலைகுனிந்த இரண்டு கதை சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதல் கதை. கூட்டங்கள் மறுபடி தொடங்கியதும் பெருமையாக லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் குழுவில் ஒரு அத்தை 20,000 ரூபாய் உள்கடன் வாங்கியிருந்தார். மாதம் 2,000 அசல், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி. பத்து மாதக் கணக்கையும் திரையில் காட்டி வாசித்தேன். முதல் மாதம் வட்டி 200, இரண்டாம் மாதம் 200, மூன்றாம் மாதம் 200.

அத்தை கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர். "நிறுத்து. ரெண்டாம் மாசம் ஏன் 200? அதான் ரெண்டாயிரம் கட்டிட்டனே. பதினெட்டாயிரத்துக்கு 180 தான?" என்றார்.

நான் சொன்னேன், "கம்ப்யூட்டர் தப்பு பண்ணாது அத்தை."

"அப்ப நீ பண்ணியிருக்க" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தேன். மீதி அசலுக்கு வட்டி போடாமல், வாங்கின அசலுக்கே ஒவ்வொரு மாதமும் போட்டிருந்தேன். என் கணக்குப்படி பத்து மாத வட்டி 2,000. சரியான கணக்கு 200, 180, 160 என்று குறைந்து வந்து மொத்தம் 1,100. அத்தையிடம் 900 ரூபாய் அதிகம் கேட்டிருக்கிறேன்! அதுவும் கம்ப்யூட்டர் பெயரைச் சொல்லி. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் 16 பேருக்கும் அதே தப்புதான் ஓடியிருக்கும். கணினி நான் சொன்ன தப்பைப் பிசகாமல் செய்தது. அன்றிலிருந்து எந்தக் கணக்கை எழுதினாலும் முதலில் அத்தையிடம் வாயால் சொல்லிக் காட்டுகிறேன். அவர் தலையாட்டினால்தான் ஏற்றுவேன்.

இன்னொன்றும் அப்போது மாற்றினேன். பாக்கியைத் தனியாக எழுதி வைப்பதை விட்டேன். கடன் எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்பது மட்டும் இருக்கும். பாக்கி கேட்கும்போது கழித்துச் சொல்லும். தப்பான பதிவை அழிப்பதும் கிடையாது. நோட்டில் வெள்ளை மை பூசினால் ஆடிட்டர் விடுவாரா? எதிர்ப்பதிவு போட்டுத்தான் சரி செய்வோம். இங்கேயும் அப்படித்தான்.

இரண்டாவது கதைக்கு யாரும் சிரிக்கவில்லை. லேப்டாப்பில் இருந்ததை இன்டர்நெட்டில் ஏற்றினேன். எல்லாரும் போனிலேயே பார்க்கலாமே என்று முகவரியைக் குழு வாட்ஸ்அப்பில் போட்டேன். பக்கத்தைத் திறந்தால் 16 பேர் கடனும் தெரியும். குழுக்குள் ஒளிவு மறைவு எதற்கு என்று நினைத்தேன். ஆனால் போன் ஒருத்தர் கையிலேயே இருக்கிறதா? ஒரு தங்கை, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வீட்டில் சொல்லாமல் கடன் வாங்கியிருந்தாள். ஒழுங்காகக் கட்டிக்கொண்டும் இருந்தாள். வீட்டில் பார்த்துவிட்டார்கள். இரண்டு கூட்டத்துக்கு அவள் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். "கட்டாம இருந்தேனாக்கா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

அன்று ராத்திரியே பக்கத்தை இறக்கினேன். நோட்டு நம் பெட்டியில் இருக்கும், கூட்டத்தில் மட்டும் பிரியும். அந்தப் பூட்டை நான் வெப்சைட்டில் வைக்கவில்லை. அதன்பின் ஒரு மாதம் அதை மட்டும் படித்தேன். ஆளுக்கு ஒரு கடவுச்சொல். அதையும் அப்படியே எழுதி வைக்கக் கூடாது. பாஸ்வேர்டு ஹேஷ் என்று ஒன்று இருக்கிறது, திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றி வைக்கும். உள்ளே வந்தவருக்கு அவர் கணக்கு மட்டும் தெரியும். கட்டத்தில் யார் எதை அடித்தாலும் அதை அப்படியே டேட்டாபேஸ் கேள்வியில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் கெட்ட எண்ணம் உள்ளவன் அதிலேயே வேறு கட்டளை எழுதி, எல்லார் கணக்கையும் எடுத்துவிடலாம். கேள்வியை முன்பே தயார் செய்து, அவர் அடித்ததை வெறும் விவரமாகத் தனியே கொடுக்க வேண்டும். வெளியாருக்குக் குழுவின் மொத்தச் சேமிப்பு மட்டும் தெரியும். அதையும் கூட்டத்தில் தீர்மானம் போட்டு, எல்லாரும் கையெழுத்து வைத்த பிறகுதான் திரும்ப ஏற்றினேன். அந்தத் தங்கையும் கையெழுத்துப் போட்டாள்.

கடைசியாக ஒன்று. நம்ம திருநாவலூரில் பிறந்த சுந்தரர் கதை எல்லாருக்கும் தெரியும். கல்யாணத்தன்று ஒரு கிழவர் வந்து ஓலையைக் காட்டி, "நீ எனக்கு அடிமை" என்றார். சுந்தரர் அதைப் பிடுங்கிக் கிழித்துப் போட்டார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படியோலை, மூல ஓலை இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர் சபையில் காட்டி வழக்கை ஜெயித்தார். கணினி படிக்கிற எல்லாரும் அந்தக் கிழவரிடம் பாடம் படிக்கணும். நான் சனிக்கிழமைதோறும் டேட்டாபேஸை ஒரு பிரதி எடுத்துப் பென்டிரைவில் போட்டுத் தலைவி அக்கா வீட்டில் கொடுத்துவிடுகிறேன். ஆனால் அதுவும் படியோலைதான். அத்தையின் கைநாட்டும் உங்கள் கையெழுத்தும் உள்ள நோட்டுதான் நமக்கு மூல ஓலை. அதை நிறுத்தவில்லை, நிறுத்தவும் மாட்டேன்.

இப்போது தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் லோக்ஓஎஸ் செயலியில் குழுக் கணக்குகள் ஏறுகின்றன, உன் வெப்சைட் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நாளைக்கே என் வெப்சைட் தேவைப்படாமல் போகலாம். ஆனால் எந்தத் திரையில் எந்தத் தொகை வந்தாலும், இது எந்தப் பதிவிலிருந்து வந்தது, வட்டி எதற்குப் போட்டது, இதை வேறு யார் பார்க்கிறார்கள் என்று கேட்க எனக்கு இப்போது தெரியும். அத்தைக்கு அது முதலிலிருந்தே தெரியும்.

கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற தங்கைகள் பெரிதாக எதுவும் தொடங்க வேண்டாம். உங்கள் குழுவின் ஒரு மாத நோட்டை எடுத்துக்கொண்டு வாருங்கள். சனிக்கிழமை பிரதி எடுத்த பிறகு சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். அத்தையும் வருவார். முதல் டேபிளை மூன்று பேரும் சேர்ந்து போடுவோம்.